பெயின்ட் அடிப்பதா, பேப்பரைச் சரிபார்ப்பதா?

பாலக்காடு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீடு விற்பவர்கள், வாங்குபவரின் கடனுக்காக வங்கி மதிப்பீட்டாளர் வருகிறார் என்றதும் முதலில் தேடுவது பெயின்டரை. பளிச்சென்ற சுவரில் வாங்குபவர் மயங்கலாம். மதிப்பீட்டாளர் பார்ப்பது பாதை அகலம், கட்டடத்தின் வயது, சதுர அடி, அக்கம்பக்கத்து விலை. ஈரக்கசிவையும் விரிசலையும் மட்டும் சரிசெய்தால் போதும்.

என் கணக்கில் பணமும் நேரமும் பேப்பருக்கே. மூல ஆதாரம் (மூலப் பத்திரம்), வில்லங்கச் சான்று, நடப்பு நிலவரி ரசீது, கைவசச் சான்று (நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதற்கான சான்று), லொகேஷன் ஸ்கெட்ச் (மனை இருக்கும் இடத்தின் வரைபடம்), பஞ்சாயத்து வரி ரசீது, அனுமதி பெற்ற பிளான் எல்லாம் வேண்டும். பிளானில் இல்லாமல் பின்னால் கட்டிய அறை மதிப்பில் சேராமல் போகலாம். அதைவிடப் பெரிய தலைவலி, வில்லேஜ் ஆபீஸ் பதிவில் மனை இன்னும் வயலாகவே கிடப்பது. கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் வங்கிகள் இதில் கறார். பொள்ளாச்சியில் பட்டா காட்டிப் பழகியவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். பதிவில் வயல் என்பதை மாற்றக் கேட்கும் வகை மாற்ற மனு மாதக்கணக்கில் இழுக்கலாம். விலை பேசும் முன்பே போட்டுவிடுங்கள்.

அப்புறம், மதிப்பு குறைந்தால் கடனும் குறையும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கியின் வரம்பு, மதிப்பில் 80 சதவீதம். மீதியை வாங்குபவர்தான் புரட்ட வேண்டும். புரட்ட முடியாதவர் விலையைக் குறைக்கச் சொல்வார்.