ஒரு வளைகாப்புப் பட்டியலும் இரண்டு கடைத்தெருவும்: குரோம்பேட்டையா, தாம்பரமா?

சென்னையின் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் கடற்கரை போகும் ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. எதிர்ப்பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்தது தாம்பரம். இரண்டுக்கும் டிக்கெட் 5 ரூபாய்தான். சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்குக் கடைக்கு எந்தப் பக்கம் போவது என்பதில் காசும் தூரமும் ஒரு காரணமே இல்லை. அதனாலேயே வீட்டில் சண்டை ஓய்வதில்லை. அம்மா தாம்பரம் கட்சி. என் மனைவி குரோம்பேட்டை கட்சி. 2021-ல் தாம்பரம், பல்லாவரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளையும் எங்கள் சிட்லபாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மாநகராட்சி ஒன்றாகிவிட்டது, எங்கள் வீடு இன்னும் ஆகவில்லை.

தங்கைக்கு வளைகாப்பு வைத்தபோது ஒரு பட்டியல் போட்டோம். பட்டுச்சேலை, அதற்கு ஜாக்கெட், கண்ணாடி வளையல், ஒரு சின்ன மோதிரம், வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் டப்பா, பூ, பழம், வாழை இலை, கலவை சாதத்துக்கு வேண்டிய சாமான். இரண்டு தெருவையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நானும் கூடவே போனேன். பை தூக்கவும் ஓர் ஆள் வேண்டுமே.

சேலை

இதில் குரோம்பேட்டையை அடித்துக்கொள்ள முடியாது. ஜிஎஸ்டி சாலையில் (வரி இல்லை, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) போத்தீஸ், சரவணா ஸ்டோர்ஸ் என்று மாடி மாடியாகக் கடைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பட்டு எடுக்க வேண்டுமென்றால் தி.நகர்தான். மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் நசுங்கி வருவோம். இப்போது தி.நகரே ஐந்து ரூபாய் தூரத்துக்கு வந்துவிட்டது. நூறு சேலை பிரித்துக் காட்டச் சொல்லலாம். நூற்றொன்றாவதை எடுக்காமல் எழுந்து வந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். லிப்ட் உண்டு, உட்கார நாற்காலி உண்டு, கழிப்பறை உண்டு. ஏழு மாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குக் கடைசியில் சொன்னதுதான் முதல் தகுதி.

ஆனால் ஒன்று. நாங்கள் சேலை எடுத்த கடையின் பெயர் வேண்டாம். வீட்டுக்கு வந்து பிரித்தால் முந்தானையில் இழை இழுத்திருந்தது. பில்லோடு மறுநாளே போனோம், அது ஞாயிற்றுக்கிழமை. சனி ஞாயிறில் மாற்றித் தருவதில்லையாம், அதுவும் பொருளுக்குப் பொருள்தானாம், பணம் திருப்பித் தருவதில்லையாம். எல்லாம் பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை போய் மாற்றினோம். யாரிடம் சத்தம் போடுவது என்றே தெரியவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணும் பாவம், எங்களைப் போலவே அந்தப் பொடி எழுத்தைத்தான் படித்துக் காட்டினாள்.

ஜாக்கெட் துணிக்கு மட்டும் தாம்பரம் வந்தோம். பெரிய கடையிலும் துணி கிடைக்கும். ஆனால் மேட்சிங் சென்டர்காரர் சேலையின் ஒரு முனையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, அலமாரியில் இருக்கும் முப்பது மெரூன்களில் இதுதான் என்று ஒன்றை உருவினாரே, அந்தக் கண் டியூப்லைட்டுக்குக் கீழே வேலை செய்யாது. லைனிங், ஃபால்ஸ், கொக்கி எல்லாம் அவரிடமே முடிந்தது. தைக்கிறவரும் மாடிப்படிக்குக் கீழேயே இருக்கிறார்.

வளையல்

தாம்பரத்துக் கடைத்தெருவான சண்முகம் சாலையை ஏன் அம்மா விட்டுக்கொடுப்பதில்லை என்பது இங்கேதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடி வளையலுக்கு அளவு உண்டு: ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு. ரெண்டு நாலு என்றால் இரண்டு அங்குலமும் ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நாலு பங்கும். வளைகாப்புக்கு வருகிற பெண்கள் எல்லோருக்கும் வளையல் போட வேண்டும், எல்லோர் கையும் நம்மிடம் இல்லையே! வளையல் கடை அம்மாள் என் மனைவியிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "வர்றவங்கள்ல வயசானவங்க எத்தனை பேர்மா?" பதிலைக் கேட்டுவிட்டு ரெண்டு எட்டில் மூன்று டஜன், ரெண்டு ஆறில் நாலு, ரெண்டு நாலில் மூன்று என்று பச்சையும் சிவப்புமாக எடுத்து வைத்தார். "உடைஞ்சா குறையும், ஒரு டஜன் சேர்த்து எடுத்துக்கோங்க." அன்றைக்கு ஒருவர் கைக்கும் வளையல் இல்லாமல் போகவில்லை. குரோம்பேட்டையில் வளையல் பிளாஸ்டிக் உறைக்குள் அட்டையோடு தொங்குகிறது. அளவு அட்டையில் இருக்கிறது. ஆள் இல்லை.

பட்டியலைப் பிரிக்க எனக்கு ஒரு வழி இங்கேதான் கிடைத்தது. கையால் அளக்கிற சாமான் எல்லாம் தாம்பரம். விலைச்சீட்டு தொங்குகிற சாமான் எல்லாம் குரோம்பேட்டை.

மோதிரம்

அன்றைய கிராம் விலை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். 3 சதவீத ஜிஎஸ்டியும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் செய்கூலி, சேதாரத்தில். 2023 ஏப்ரலிலிருந்து ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். எனவே சின்னக் கடையில் தங்கம் வாங்கப் பயப்பட முன்புபோல் காரணம் இல்லை. தாம்பரத்துச் சின்னக் கடையில் சேதாரத்தில் பேசிக் குறைக்க முடிந்தது. பெரிய கடையில் பேச முடியவில்லை, ஆனால் மாடல் நிறைய. பழைய கடையில் சீட்டு கட்டியவர்கள் அங்கேதான் போயாக வேண்டும். பெரும்பாலான கடைகளில் நகைச்சீட்டு பதினொரு மாதம்தான், ஒரு வருடத்துக்கு மேல் போனால் சட்டம் அதை வைப்புத்தொகையாகப் பார்க்கும் என்பதால். நாங்கள் தாம்பரத்தில் வாங்கினோம். மனைவிக்கு அந்த மாடல் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் எனக்குச் சோறு கிடையாது.

எவர்சில்வர் டப்பா: தாம்பரம். எடை போட்டுத் தருகிறார்கள், பெயரும் தேதியும் அங்கேயே வெட்டித் தருகிறார்கள்.

பூ, காய், பழம்

ஒப்பிட ஒன்றும் இல்லை. தாம்பரம்தான். அதற்குக் காரணம் ரயில். 1931-ல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் வந்தபோது அது தாம்பரத்தோடு நின்றது. இன்றைக்கும் பல ரயில்களுக்குத் தாம்பரமே கடைசி. வேலை முடிந்து இறங்குகிற கூட்டம் முடிச்சூருக்கோ சேலையூருக்கோ பஸ் பிடிப்பதற்கு முன் நாளைய சாம்பாருக்குக் காய் வாங்க வேண்டும். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சண்முகம் சாலை. கடைத்தெரு அந்தப் பசியில் வளர்ந்தது. குரோம்பேட்டையோ குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர். எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி, பெண்கள் வைணவக் கல்லூரி, வெற்றி தியேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆட்கள் வந்து போன ஊர். இப்போது துணிக்கடைக்கும் அப்படியே வருகிறார்கள்.

சண்முகம் சாலையில் காய் காலையில் கிலோ, இரவு எட்டரைக்கு மேல் கூறு. நாலு கத்தரிக்காய், இரண்டு முருங்கைக்காய், ஒரு துண்டுப் பூசணி என்று சாக்கின் மேல் குவித்து ஒரு விலை. அடியில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தால் விற்கிறவருக்குக் கோபம் வரும். அம்மா புரட்டித்தான் பார்ப்பார். பூவிலும் இதே கதை. முழம் என்பது விற்கிறவர் கை. அம்மா நீளக் கை உள்ளவராகப் பார்த்துப் பேரம் பேசுவார். அப்படியும் அன்றைக்கு ஏமாந்தோம். இருபது முழம் என்று வாங்கிய மல்லிகை வீட்டில் அம்மா கையால் அளந்தால் பதினேழுதான் இருந்தது. இதற்கு பில் இல்லை, பின்பக்கம் பொடி எழுத்தும் இல்லை. மறுநாள் அதே இடத்தில் அம்மா போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். நாலு முழம் சேர்த்து வந்தது.

புதுக்கடைகள்

இரண்டு இடத்திலும் வாரத்துக்கு ஒரு பலூன் வளைவு பார்க்கலாம். குரோம்பேட்டையில் கருப்பட்டி காபி, மோமோ, மந்தி பிரியாணி, கண்ணாடிக்கடை, பல் மருத்துவமனை. வாடகை தாங்காமல் ஒரு வருடத்தில் பெயர்ப்பலகை மாறுவதும் சகஜம். போன தீபாவளிக்கு நாங்கள் பர்கர் சாப்பிட்ட இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். தாம்பரத்தில் பழைய கடைகள் அப்படியே இருக்கின்றன, அவற்றின் வாசலில்தான் புதுசு முளைக்கிறது. நாட்டு மருந்துக்கடைப் படியில் போன் உறை, ஸ்வீட் ஸ்டால் ஓரத்தில் தந்தூரி டீ.

தாம்பரத்துக்கு நடந்த பெரிய மாற்றம் தெருவுக்கு வெளியே நடந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்து, தென் மாவட்ட வண்டிகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே போயின. முன்பு ஊருக்குப் போகிறவர்கள் தாம்பரத்தில் நின்று வண்டி பிடிப்பார்கள். பண்டிகைக் காலத்தில் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குப் பக்கத்தில் தற்காலிக நிலையமே போடுவார்கள். கை நிறையப் பையோடு காத்திருப்பவன் கடைசி நேரத்தில் அரை கிலோ அல்வா வாங்குவான், பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்குவான். அந்த வியாபாரம் குறைந்துவிட்டது என்று பைக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். அவர் கடையில் இப்போது பாதி இடம் ஹெல்மெட்டுக்கு. குரோம்பேட்டைக்கு இதனால் நட்டமில்லை, அங்கே யாரும் வண்டிக்காகக் காத்திருந்து சேலை வாங்கியதில்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோத் திட்டம் வந்தால் கதை மாறும். அதன் தூண்கள் ஜிஎஸ்டி சாலையில் எழும்பும் காலத்தில் வாசலை மறைத்த தகரத்தைத் தாண்டி யார் வருவார்கள் என்ற கவலை குரோம்பேட்டைக்காரர்களுக்கு இப்போதே இருக்கிறது.

மூன்றாவதாகப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் சேர்க்கச் சொன்னான் என் மைத்துனன். செடி, நாய்க்குட்டி, பழைய மிக்ஸி, ஒற்றைச் சக்கர சைக்கிள் வரை கிடைக்கிற இடம். எனக்கு ரொம்பப் பிடித்த இடமும்கூட. ஆனால் வளைகாப்புக்கு அங்கே என்ன வாங்குவது? இருந்தும் ஒரு வெள்ளிக்கிழமை போய் இரண்டு செம்பருத்திச் செடியோடு வந்தேன். பட்டியலில் அது இல்லை.

எதை முதலில்

ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைப்பவர்களுக்கு: காலையில் குரோம்பேட்டை, மாலையில் தாம்பரம். நாங்கள் முதல் நாள் தலைகீழாகப் போய் மாட்டிக்கொண்டோம். பெரிய கடைகளில் பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருகிறார்கள். அம்மாவின் மஞ்சப்பையில் கொத்தமல்லி, கருவேப்பிலை, இரண்டு சீப்பு வாழைப்பழம், மேலே மல்லிகை. அந்தப் பையை அடுக்குக்குள் தள்ளினால் பூ நசுங்கும் என்று அம்மா கொடுக்க மறுத்துவிட்டார். கடைசியில் மனைவியும் தங்கையும் மூன்றாம் மாடியில் சேலை பார்க்க, அம்மாவும் நானும் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். போகிறவர்களில் மூன்று பேர் பூ முழம் என்ன விலை என்று கேட்டார்கள்.