மாதக்கணக்கில் திறக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாத லினக்ஸ்

எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாகக் குடியேறி ஐந்து வருடம் ஆகப்போகிறது. விண்டோஸ் வீட்டில் எல்லோருக்கும், லினக்ஸ் எனக்கு மட்டும். இதற்குள் மின்ட் 20, ஃபெடோரா, ஆர்ச், மறுபடியும் மின்ட் என்று ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டேன். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் வகை) போடலாம் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: லினக்ஸை எத்தனை நாளுக்கு ஒருமுறை திறப்பீர்கள்?

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் (டூயல் பூட்) வைத்திருப்பவர்களில் பலர் லினக்ஸில் தினமும் உட்காருவதில்லை. ஒரு வாரம் முழுக்க அதிலேயே இருப்போம், அப்புறம் ஒரு மாதம் எட்டிப் பார்க்க மாட்டோம். இந்த இடைவெளியை எந்த டிஸ்ட்ரோ பொறுத்துக்கொள்ளும் என்பது எனக்குப் பட்டுத்தான் புரிந்தது.

ஆர்ச்சைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. லினக்ஸ் உள்ளே எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்ததில் பாதி, அதன் விக்கியைப் படித்து வந்ததுதான். ஆனால் அது ரோலிங் ரிலீஸ். பதிப்பு என்று ஒன்று கிடையாது, புதியவை வந்துகொண்டே இருக்கும். வேலை நெருக்கடியில் ஒன்றரை மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் சின்ன மென்பொருள் ஒன்றை நிறுவலாம் என்று திறந்தேன். ஆர்ச்சில் ஒன்றை மட்டும் புதிதாக இழுத்துப் போட்டுவிட்டு மற்றதைப் பழசாக விடக் கூடாது, மொத்தத்தையும் அப்டேட் செய்ய வேண்டும். சரி என்று கொடுத்தால் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்). பாதியில், பேக்கேஜ் அசல்தான் என்று காட்டும் கையொப்பம் செல்லாது என்று நின்றுவிட்டது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க என் கணினியில் இருந்த சாவிக்கொத்து பழசாகிவிட்டதுதான் காரணம். சாவிக்கொத்துப் பேக்கேஜை முதலில் அப்டேட் செய்துவிட்டு மற்றதைத் தொட்டால் சரியாகிவிடும். பத்து நிமிட வேலைதான். ஆனால் அவசரமாக உட்கார்ந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிசு.

அதற்கு முன்பு இருந்த ஃபெடோராதான் பார்க்க அழகு. அதன் திரைச்சூழலான க்னோம் அவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடியது வேறெதிலும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. அதனால் வருடத்துக்கு ஒருமுறையாவது பெரிய மேம்படுத்தல் செய்தே ஆக வேண்டும். இடையிடையே புதிய கெர்னலும் (லினக்ஸின் மையக் கரு) வரும். என் வைஃபை டாங்கிளுக்கோ கெர்னலில் டிரைவர் இல்லை, மூல நிரலிலிருந்து நானே கம்பைல் செய்து போட்டிருந்தேன். கெர்னல் மாறும்போதெல்லாம் வைஃபை போய்விடும். அதைச் சரிசெய்யக் கோப்பு இறக்க வேண்டும், இறக்க வைஃபை வேண்டும்! ஃபோனை யுஎஸ்பியில் செருகி இணையம் வாங்கிச் சமாளித்தேன். டாங்கிளை மாற்றியதும் தொல்லை தீர்ந்தது.

இப்போது இருப்பது மின்ட் 22. 2024-இல் வந்தது, உபுண்டு என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் 24.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) அடித்தளம், 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இரண்டு மாதம் கழித்துத் திறந்தாலும் மூலையில் ஒரு கேடயம் அப்டேட் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் (கணினியின் அன்றைய நிலையின் நகல்) போட்டு வைத்திருக்கிறேன். ஒருமுறை மட்டும், ஏதோ நோண்டித் திரையைக் கருப்பாக்கியபோது, பழைய நிலைக்குத் திரும்பிப் போனேன். தோற்றம் கொஞ்சம் பழசு, மென்பொருள்களும் ஒரு படி பின்தங்கித்தான் இருக்கும். நேற்று வந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென் டிரைவ்) ஒலி, வைஃபை, ஸ்லீப் மூன்றையும் சோதித்துவிடுங்கள்.

டிஸ்ட்ரோவை விட எனக்கு அதிகத் தலைவலி தந்தது கூட்டுக்குடித்தனம்தான். முதல் வாரமே அம்மா கூப்பிட்டார், "டேய், கம்ப்யூட்டர்ல ஏதோ கருப்பா வந்து நிக்குது." எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுதான். பத்து விநாடி கழித்து அதுவாகவே லினக்ஸுக்குள் போய்விட்டது, அவர் விண்டோஸைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தோமோ அதையே மறுமுறையும் திறக்கும்படி க்ரப்பின் அமைப்புக் கோப்பில் மாற்றினேன். நான் லினக்ஸில் வேலை முடித்தால் ஒருமுறை விண்டோஸைத் திறந்து மூடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸ் விண்டோஸின் டிரைவைத் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். ஆர்ச் போட்ட வாரத்தில் விண்டோஸின் கடிகாரம் மணி தப்பாகக் காட்டியது. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் போதும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் குறியாக்கம்) இருந்தால், செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பு அமைப்பைத் தொடுவதற்கு முன்பே 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சுக்கு ஒரு வார்த்தை. விசைப்பலகைப் பட்டியலில் இருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்துவிட்டு ஏமாந்துவிடாதீர்கள், அது தானாகப் புள்ளி வைக்காது. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் பேக்கேஜும் நிறுவி, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, "அம்மா" வந்துவிடும். இந்தப் பதிவும் அப்படி அடித்ததுதான்.

புதிய டிஸ்ட்ரோ பார்க்கும் அரிப்பு இன்னும் போகவில்லை. அதற்கென்று வென்டாய் என்ற கருவி போட்ட ஒரு பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருக்கிறது. டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே அதில் போட்டுத் திறந்து பார்ப்பேன், ஆசை தீர்ந்ததும் உருவிவிடுவேன்.