தூரத்துத் தோழிகளும் வாய்ஸ் மெசேஜும்: பத்து வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

வீடியோ கால், குரூப், ஸ்டேட்டஸ் என்று வாட்ஸ்அப்பில் இருக்கிற எல்லாவற்றையும் பல வருஷமாகப் புழங்கிவிட்டுத்தான் சொல்கிறேன், தூர தேசம் போன தோழிகளோடு எனக்கு ஒட்டு விட்டுப்போகாமல் இருப்பதற்கு வாய்ஸ் மெசேஜ்தான் காரணம். 2013ல் அந்த மைக் பட்டன் வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எழுத்துத் தமிழ் டைப் பண்ண நேரமாகிறவர்களுக்கு உதவும் என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

எங்கள் செட்டில் நான்கு பேர். நான் மட்டும் புதுச்சேரியிலேயே, ரெயின்போ நகரில் இருக்கிறேன். ஒருத்தி கல்யாணமாகி பாரிஸ் பக்கம் போனாள் (பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பங்கள் இங்கே நிறைய, அதனால் இது ஒன்றும் அதிசயமில்லை), ஒருத்தி ஷார்ஜா, கடலூர்க்காரி சிங்கப்பூர். இப்போது மணிக்கணக்கைப் பாருங்கள். எனக்கு வேலை எல்லாம் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சிங்கப்பூரில் பதினொன்றரை, அவள் தூங்கப் போயிருப்பாள். ஷார்ஜாவில் ஏழரை, பிள்ளைகளுக்கு ஹோம்வொர்க் நேரம். பாரிஸில் குளிர்காலம் என்றால் நாலரை, கோடை என்றால் ஐந்தரை, அவள் இன்னும் ஆபீஸில். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றி வைப்பதால், கஷ்டப்பட்டு ஒரு நேரம் பேசி வைத்தாலும் அதுவும் வருஷத்துக்கு இரண்டு தடவை குலைந்துபோகும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவாகி, அதே வருஷம் நவம்பரில் வாட்ஸ்அப்பில் வீடியோ காலும் வந்தபோது, இனி கவலையே இல்லை என்று நாங்கள் குதித்தது உண்மை. ஆனால் வாட்ஸ்அப் கால் அமீரகத்தில் வேலை செய்யாது, அங்கே அனுமதி பெற்ற போட்டிம் மாதிரி ஆப்தான் வேண்டும், ஆக ஷார்ஜாக்காரி முதல் நாளிலிருந்தே வெளியே. மற்ற இருவரோடு பேசினாலும் வீடியோ கால் சீக்கிரமே வீட்டு விசேஷம் ஆகிவிடும். மாமியார் எட்டிப் பார்த்துக் கை ஆட்டுவார், பிள்ளையை இழுத்து வந்து "ஆண்ட்டிக்கு ஹாய் சொல்லு" என்பாள், வீட்டுக்காரர் பின்னால் நடமாடுவார், எல்லோரையும் நலம் விசாரித்து முடிக்கிறபோது அவளுக்கு அடுத்த வேலை வந்திருக்கும். அவளுக்கு நிஜமாகவே மனசில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாமலே கால் முடிந்துவிடும்.

வாய்ஸில் அப்படி இல்லை. அவள் தனியாக இருக்கிற நேரத்தில் பேசுகிறாள், நான் தனியாக இருக்கிற நேரத்தில் கேட்கிறேன். பாரிஸ்காரி ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்தில்தான் எனக்கு வாய்ஸ் போடுவாள். பூட்ஸ் சத்தம் கேட்கும், மூச்சு வாங்கும், "இரு, ரோடு கிராஸ் பண்றேன்" என்று நிறுத்தி மறுபடி தொடங்குவாள். ஒரு நாள் ஆபீஸில் நடந்ததை எல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் வீட்டு வாசலில் சாவியை எடுத்த சத்தம் கேட்ட பிறகும் பேச்சை முடிக்காமல் நின்றாள், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "உள்ள போகவே பிடிக்கலடி" என்றாள். வீட்டு ஆட்கள் சூழ்ந்த வீடியோ காலில் இந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருக்காது. அன்றைக்கு நான் பதிலுக்குப் போட்டதைக் கேட்டுவிட்டு அவளே மறுநாள் லீவு எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள், மணிக்கணக்கில் பேசினோம்.

என் பக்கத்திலிருந்து போவது பெரும்பாலும் ஊர்ச் சத்தம். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது ஒரு தடவை பேசிக்கொண்டே போனேன், நடுவில் மீன்காரம்மா "வா கண்ணு, வஞ்சிரம் இப்பதான் வந்துச்சு" என்று கூப்பிட்டது அதில் பதிவாகிவிட்டது. நான் சொன்ன விஷயத்துக்குப் பதில் பிறகு வந்தது, முதலில் வந்த கேள்வி, "அந்த அம்மா இன்னும் அதே எடத்துலதான் உக்காராங்களா?" அதிலிருந்து ஆளுக்கு ஆள் கேட்டு வாங்குகிறார்கள். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் சாமி இறங்கும்போது மேளத்தை அப்படியே பிடித்து அனுப்புவேன். போட்டோவை விட அதுதான் வேண்டும் என்கிறார்கள்.

இடையில் வந்த வசதிகளில் எனக்குப் பயன்பட்டவை சில உண்டு. மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், சமைத்துக்கொண்டே பேசலாம். 2022ல் வந்த நிறுத்தித் தொடரும் வசதிதான் பெரிய உபகாரம், குக்கர் விசில் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி அதே மெசேஜில் பேசலாம், அனுப்புவதற்கு முன் கேட்டும் பார்க்கலாம். 2021ல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகம் வந்தது. ஸ்கூல் குரூப்பில் வரும் அறிவிப்புக்கு நான் அதைத்தான் வைப்பேன், தோழி பேசுவதை மட்டும் அந்த வேகத்தில் கேட்கவே மாட்டேன். அவள் எந்த இடத்தில் தயங்கினாள் என்பது வேகத்தில் காணாமல் போய்விடும், எனக்கு அதுதான் முக்கியம்.

இதன் முழு அருமை தெரிந்தது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் பகுதி தண்ணீரில், கிருஷ்ணா நகரில் ராணுவம் படகில் வந்து ஆட்களை மீட்டது. கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் கொஞ்சம், சிக்னல் வருவதும் போவதும். கால் போட்டால் "ஹலோ, ஹலோ" என்பதற்குள் கட். கால் என்றால் இரண்டு பக்கமும் லைன் விடாமல் நிற்க வேண்டும், வாய்ஸ் மெசேஜுக்கு அது வேண்டாம். பேசி அனுப்பிவிட்டால் போனிலேயே கடிகாரக் குறியோடு காத்திருக்கும், சிக்னல் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தால் தானாகப் போய் ஒரு டிக் ஆகும், அவள் போனில் இறங்கியதும் இரண்டு டிக். அளவும் சின்னது, ஒரு நிமிஷப் பேச்சு சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். பாரிஸ்காரியின் அம்மா அப்பா முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மூலம் விசாரித்து, "அம்மாவும் அப்பாவும் மாடியில இருக்காங்க, கேஸ் இருக்கு, தண்ணி பிடிச்சு வச்சிருக்காங்க, மாத்திரை இருக்கு, நீ பயப்படாதே" என்று போட்டுவிட்டு போனை அணைத்து வைத்தேன். அதை அவள் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டதாகப் பிறகு சொன்னாள். எழுத்தில் "சேஃப்" என்று அனுப்பியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், உன் குரலில் பதற்றம் இல்லை என்பதால்தான் நம்பினேன் என்றாள். அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் புகுந்தபோது சிங்கப்பூர்க்காரிக்கும் இதே முறைதான் கைகொடுத்தது.

குறையும் உண்டு, சொல்லியாக வேண்டும். துக்கத்துக்கு வாய்ஸ் போடக் கூடாது. ஷார்ஜாக்காரியின் அப்பா தவறியபோது எங்கள் நால்வர் குரூப்பில் வாய்ஸ் வரிசையாக வந்து கிடந்தது, அவள் ஒன்றையும் திறக்கவில்லை, திறக்கும் நிலையிலும் இல்லை. காசு போனால் போகிறது என்று சாதாரண ஐஎஸ்டி கால் போட்டேன். அவள் அழுதாள், நான் லைனில் இருந்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அந்த நேரத்தில் எதிர்முனையில் ஆள் இருந்தாக வேண்டும்.

பெரிய ஸ்கூல் குரூப்பைப் பற்றி எழுத அதிகமில்லை. குட் மார்னிங் படம், ஃபார்வேர்டு, பிறந்தநாள் கேக். மியூட்டில் வைத்திருக்கிறேன்.

சேமிப்பு விஷயத்தில் கவனம் தேவை. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியது, யாஹூ மெசஞ்சர் 2018ல் போனது, ஸ்கைப்பும் 2025 மே மாதம் நின்றுவிட்டது, இந்த மூன்றிலும் எங்கள் பேச்சு இருந்தது. அதனால் முக்கியமான வாய்ஸ்களை நான் ஆப்பை நம்பி விடுவதில்லை. ஆண்ட்ராய்டு போனில் வாய்ஸ் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும், அவ்வப்போது கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து வைக்கிறேன். 2024லிருந்து ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும் என்றாகிவிட்டதால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. இன்னொன்று, வெளிநாடு போகிறவர்கள் இந்திய சிம்மை 90 நாளுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டால் எண் போய்விடலாம், பிறகு அது வேறு யாருக்காவது போகும். புது எண் எடுத்ததும் வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதி வழியாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், அரட்டை அப்படியே இருக்கும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தோழியிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் வாய்ஸ் பிடிக்காது. இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் போகிறதென்றால் எதைப் பற்றி என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் எப்போது கேட்பது என்று அவள் முடிவு செய்துகொள்வாள். உடனே பதில் வராததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்களில் சிங்கப்பூர்க்காரியின் பதில் சில சமயம் வாரம் கழித்து வரும், வந்தால் முழுசாக வரும். ஃப்ளைட் தேதி, மருந்துப் பெயர், பணக் கணக்கு, அட்ரஸ் இவற்றை மட்டும் எழுத்தில் அனுப்புங்கள், ஏனென்றால் வாய்ஸுக்குள் தேடி எடுப்பது பெரிய பாடு.