கொலாப் ஷூட்டுக்கு எது சரி: வாட்ஸ்அப் பேச்சா, ஃபுல் ரிலீஸா, ரெண்டு பேரும் கையெழுத்து போடற அக்ரிமென்ட்டா?

கொலாப் ஷூட்ல யாரும் யாருக்கும் காசு தர்றதில்ல. மாடல் ஒரு நாளைக் குடுக்கறாங்க, போட்டோகிராஃபர் எடிட் பண்ண படத்தைக் குடுக்கறாரு, மேக்கப் ஆர்ட்டிஸ்டும் புடவை குடுத்த பூட்டிக் கடைக்காரங்களும் போஸ்ட்ல தங்க பேரை டேக் பண்றதுக்காக வர்றாங்க. காசு இல்லாததால பேப்பர் எதுக்குன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா எனக்கு என்னமோ காசு இல்லாத ஷூட்டுக்குத்தான் பேப்பர் ரொம்ப அவசியம்னு தோணுது, ஏன்னா பேமென்ட் இருந்தா பில்லு, மெயில்னு ஏதாவது ஒண்ணு மிஞ்சும், இங்க அதுவும் இருக்காது.

முதல்ல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். படத்தோட காபிரைட் வேற, அதுல இருக்கிற முகத்து மேல உள்ள உரிமை வேற. 1957 காபிரைட் சட்டப்படி படம் எடுத்தவர்தான் பொதுவா முதல் ஓனர். ஆனா ஒருத்தர் கேட்டு, அதுக்கு மதிப்புள்ள ஏதாவது கைமாறா குடுத்து எடுத்த படம்னா, வேற மாதிரி எழுதி வைக்காதவரைக்கும் கேட்டவங்கதான் ஓனர்னு 17வது பிரிவு சொல்லுது. மாடலே கேட்டு வந்து ஒரு நாள் உழைச்சா அதுவும் கைமாறுதானேன்னு நாளைக்கு ஒரு வக்கீல் வாதாட இடம் இருக்கு. முகத்துக்குன்னு நம்ம ஊர்ல தனிச் சட்டம் கிடையாது, ஆனா 1994ல கொலைக் கைதி ஆட்டோ சங்கரோட சுயசரிதைய நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமான்னு வந்த ராஜகோபால் வழக்குலயே, ஒருத்தரோட பேரையோ உருவத்தையோ சம்மதமில்லாம விளம்பரத்துக்கு எடுத்தா அது பிரைவசி மீறல்தான்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இந்த ரெண்டையும் குழப்பினா என்ன ஆகும்ங்கிறதுக்கு 2007ல ஆஸ்திரேலியாவுல நடந்தத சொல்லலாம். வர்ஜின் மொபைல் கம்பெனி ஃபிளிக்கர்ங்கிற போட்டோ சைட்ல இருந்து டெக்சாஸ் பொண்ணு ஒருத்தியோட படத்தை எடுத்து விளம்பரத்துல போட்டுச்சு. படம் எடுத்தவர் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல, அதாவது மத்தவங்களும் யூஸ் பண்ணிக்கலாம்ங்கிற பொது அனுமதியோட போட்டிருந்தாரு, அதனால காபிரைட் பக்கம் வழி இருந்துச்சு, ஆனா அந்தப் பொண்ணுகிட்ட யாருமே கேக்கல. குடும்பம் கேஸ் போட்டுச்சு, அமெரிக்க கோர்ட் தன் எல்லைக்குள்ள வராதுன்னு தள்ளிடுச்சு.

சரி, இப்ப ஆப்ஷனுக்கு வருவோம்.

வாட்ஸ்அப் பேச்சு ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல், சாட்டும் ஆதாரம்தான். ஆனா நம்ம சாட்ல என்ன இருக்கு? "ஹாய், உங்க லுக் சூப்பர், கொலாப் பண்ணலாமா, எடிட்டட் பிக்ஸ் தர்றேன்." எத்தனை படம், எப்ப வரும், எங்க போடலாம், எதுவும் இல்ல. மாடல் பக்கம் அடிக்கடி கேக்கற குறை படம் கைக்கு வரவே இல்லைங்கிறது, போட்டோகிராஃபர் பக்கம் கேக்கறது எடிட் மேல இன்னொரு ஃபில்டர் போட்டு கிரெடிட்டையும் வெட்டிப் போட்டுட்டாங்கங்கிறது. ரெண்டுமே அந்த ஒரு வரி சாட்ல தீராது.

அடுத்தது நெட்ல டவுன்லோட் பண்ற ஃபுல் ரிலீஸ். எந்த மீடியா, எந்த நாடு, எவ்வளவு காலம், எப்படி மாத்தினாலும் சரின்னு மாடல் கையெழுத்து போடற ஃபார்ம். ஷட்டர்ஸ்டாக், கெட்டி, அடோபி ஸ்டாக் மாதிரி படம் விக்கற ஸ்டாக் சைட்ல அடையாளம் தெரியற முகத்தை விளம்பர யூஸுக்கு விக்கணும்னா ரிலீஸ் இல்லாம எடுக்க மாட்டாங்க, அதுக்காகப் பொறந்த ஃபார்ம் அது. பேமென்ட் குடுத்த மாடல்கிட்ட கேக்கறது நியாயம். கொலாப்ல கேக்கறது அநியாயம்னே சொல்வேன், ஏன்னா படம் டேட்டிங் ஆப் விளம்பரத்துல போகலாம், தோல் வியாதி கிரீம்ல போகலாம், லோன் ஆப்ல போகலாம், அந்தப் பொண்ணுக்கு வீட்ல பதில் சொல்ல வேண்டி வர்றப்ப ஃபார்ம் நீட்டினவர் பக்கத்துல இருக்க மாட்டாரு. அதோட அந்த ஃபார்ம்ல மாடல் குடுக்கறது மட்டும்தான் இருக்கும், போட்டோகிராஃபர் இத்தனை படம் இந்தத் தேதிக்குள்ள தருவாருன்னு ஒரு வரிகூட இருக்காது.

காபிரைட்டையே மாடலுக்கு எழுதிக் கொடுக்கறதும் உண்டு. அதுக்கு கையெழுத்தோட எழுத்துல இருக்கணும், காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம், இடம் குறிப்பிடலைன்னா இந்தியா மட்டும்னு சட்டமே வெச்சுக்கும். போட்டோகிராஃபருக்கு இதுல ஒண்ணும் மிஞ்சாது, கொலாப்புக்கு ஒத்து வராது.

நான் கை காட்டறது ரெண்டு பேரும் கையெழுத்து போடற, ஒரே பேஜ்ல முடியற அக்ரிமென்ட். காபிரைட் போட்டோகிராஃபர்கிட்டயே இருக்கட்டும், முக்கியமான வரி இப்படி இருந்தா போதும்: "இந்தப் படங்களை ரெண்டு பேரும் போர்ட்ஃபோலியோவுக்கும் சொந்த சோஷியல் மீடியாவுக்கும் யூஸ் பண்ணலாம். கடை, பிராண்டு, ஸ்டாக் சைட், ஏஐ டிரெய்னிங் எதுக்குக் குடுக்கறதா இருந்தாலும் மத்தவர் எழுத்துல ஓகே சொல்லணும், வர்ற காசுல பங்கு அப்பவே பேசிக்கணும்." இதோட எடிட் பண்ண படம் எத்தனை, கடைசி தேதி என்ன, ரா ஃபைல் (கேமராவுல இருந்து வர்ற எடிட் பண்ணாத ஒரிஜினல்) உண்டா இல்லையா, கிரெடிட் எப்படி, போட்ட படத்தை நீக்கச் சொன்னா எத்தனை நாள்ல நீக்கணும்ங்கிறதையும் சேத்துக்கங்க. புடவை குடுத்த பூட்டிக் கடைக்காரங்களையும் நகை வாடகைக்குக் குடுத்தவரையும் மறக்காதீங்க, நிறைய பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது, ரீபோஸ்ட் பண்ணிக்கோங்கன்னு நாம சொன்னத அவங்க கடை வாசல் பேனர் வரைக்கும் கொண்டு போயிடுவாங்க, அதனால அவங்க கையெழுத்தும் அதே பேப்பர்ல வேணும்.

இதுல போட்டோகிராஃபருக்கு ஒரு நியாயமான பயம் உண்டு, நல்ல ஆஃபர் வர்றப்ப மாடல் ரிப்ளையே பண்ணலைன்னா? 15 நாள்னு ஒரு கெடு எழுதிக்கலாம், ஆனா பதில் வரலைன்னா அதுக்கு அர்த்தம் "வேண்டாம்"ங்கிறதுதான். ஆஃபர் போனா போகட்டும், முகம் அவங்களோடது.

18 வயசு ஆகாத மாடல்னா அவங்க கையெழுத்துக்கு மதிப்பே கிடையாது, அப்பாவோ அம்மாவோ போடணும், ஷூட்டுக்கும் கூட வரணும். அப்புறம் பேப்பரை ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிடுங்க. மூணு மணி நேரம் மேக்கப் போட்டு, கூட நாலு பேர் ரெடியா நிக்கறப்ப நீட்டினா யாராலயும் வேண்டாம்னு சொல்ல முடியாது, அப்படி வாங்கின கையெழுத்தை சம்மதம்னு நான் எடுத்துக்க மாட்டேன்.