சாயாவா, தவசிக்கீரையா, முருங்கையா?

ஒருமுறை நட்டுவிட்டால் வருஷக்கணக்கில் பறித்துக்கொண்டே இருக்கலாம் என்று யாராவது கீரை சிபாரிசு செய்தால், பெரும்பாலும் சாயாக்கீரை, தவசிக்கீரை, முருங்கைக்கீரை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விளைச்சலில் எதுவும் சளைத்ததில்லை. அடுப்பில் ஏற்றும்போதுதான் மூன்றும் மூன்று விதம், அதனால் எதை நடுவது என்பதை நான் சமையலறையிலிருந்து யோசிக்கவே சொல்வேன்.

வளர்ப்பதில் சோம்பேறிகளுக்கு ஏற்றது சாயா. மெக்சிகோவின் யுகாட்டான் பக்கத்துச் செடி, வறட்சிக்கு அசராது, பூச்சித் தொல்லையும் குறைவு. முற்றிய தண்டை வெட்டி, வடியும் பால் காயும்வரை நிழலில் சில நாள் போட்டுவைத்து நட்டால் போதும். உடனே ஈரமண்ணில் குத்தினால் அழுகிப்போகும். சில ரகங்களில் இலைக்காம்பில் சுணை இருக்கும், கையுறை போட்டுப் பறியுங்கள். எல்லாம் சரி, ஆனால் இது மரவள்ளிக்கு உறவுக்காரச் செடி, சயனைடு விவகாரமும் கூடவே வரும். பச்சையாக வாயில் வைக்கவே கூடாது. நிறையத் தண்ணீரில், மூடாமல், 20 நிமிஷமாவது கொதிக்கவிட்டால் அந்த விஷம், அதாவது ஹைட்ரஜன் சயனைடு, ஆவியோடு போய்விடும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம் என்றும் சொல்வார்கள், எவர்சில்வரில் வைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. இலை தடிப்பானது என்பதால் இவ்வளவு வெந்தும் குழைந்துபோகாது, அது ஒரு வசதி.

தவசிக்கீரை, அதாவது பலர் மல்டிவைட்டமின் கீரை என்று சொல்வது, ருசியில் என் ஓட்டு இதற்குத்தான்: இளங்கொழுந்தில் பச்சைப் பட்டாணி வாசம் அடிக்கும். பாதி நிழல் இருந்தாலும் தொட்டியில் வரும், இடுப்புயரத்தில் கவாத்து செய்துகொண்டே இருந்தால் கொழுந்துக்குப் பஞ்சமில்லை. இந்தப் பெயரே ஆளை ஏமாற்றுகிறது, சத்துதானே என்று மிக்ஸியில் அடித்துக் குடிக்கத் தோன்றும். 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிய வேண்டும் என்று இதைச் சமைக்காமல் சாறாக்கித் தொடர்ந்து குடித்தவர்களில் 200க்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழாய்கள் அடைபட்டன. கீரையை நிறுத்திய பிறகும் அந்தச் சேதம் சரியாகவில்லை, இறந்தவர்களும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் காலங்காலமாகப் பெரும்பாலும் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள், அவர்களிடம் இப்படிக் கூட்டமாக நோய் வந்ததாகத் தெரியவில்லை. வேகவைத்து, மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றி, அளவாகச் சாப்பிடுங்கள். தினமும் கிண்ணம் கிண்ணமாக வேண்டாம்.

முருங்கையில் இலையைப் பொறுத்தவரை இந்தப் பயமெல்லாம் இல்லை, வேரையும் வேர்ப்பட்டையையும் சாப்பிடாமல் விட்டால் சரி. தொல்லையெல்லாம் தோட்டத்தில்தான். நல்ல வெயில் வேண்டும், அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், கம்பளிப் பூச்சி கூட்டமாக மரத்தில் அப்பிக்கொள்ளும், அதன் முடி பட்டால் தோல் தடித்துவிடும். மூன்றடியில் நுனியைக் கிள்ளிவிடவில்லை என்றால் நெடுநெடுவென்று போய் இலை கைக்கு எட்டாது.

வெயிலும் மண்ணும் இருந்தால் முருங்கையை வையுங்கள். நிழல்தான் இருக்கிறது என்றால் தவசி. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத காய்ந்த மூலைக்குச் சாயா, ஆனால் அடுப்பில் அவசரப்படுகிறவர் வீட்டில் அது வேண்டாம். யாருக்காவது குச்சி ஒடித்துக் கொடுக்கும்போது சமைக்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், சாயாவும் தவசியும் பெரும்பாலும் கைமாறித்தான் பரவுகின்றன.