மோட்டார்ஹோம் பேட்டரியும் ஒன்டாரியோ குளிர்காலமும்: பல வருட அனுபவம்

எங்களுடையது ஃபோர்டு இ-450 வேன் சேஸிஸில் கட்டிய கிளாஸ் சி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கக்கூடிய வண்டி. நவம்பரில் கொண்டுபோய் விட்டால் ஏப்ரல் வரை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி நகருக்கு வடக்கே ஒரு திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான் கிடக்கும். ஜார்ஜியன் குடாப் பக்கமிருந்து வரும் ஏரிப் பனி கூரைமேல் கொட்டும். ஜனவரி இரவில் மைனஸ் 25 டிகிரி என்றால் அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கரண்ட் வசதி கிடையாது. இந்த நிலையில் இஞ்சின் பேட்டரியையும், உள்ளே விளக்கு, பம்ப் போன்றவற்றுக்கான ‘வீட்டு’ பேட்டரிகளையும் காப்பாற்றப் பல வழிகளைப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று.

எல்லாரும் குளிரைத்தான் திட்டுகிறார்கள். என் பார்வையில் குளிர் பேட்டரிக்குப் பாதி நண்பன். அமிலம் ஊற்றிய சாதாரண ஈய பேட்டரி கோடையில் தானாக இழக்கும் சார்ஜை விடக் குளிரில் இழப்பது மிகக் குறைவு; வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகும். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் உள்ளே இருப்பது செறிவான அமிலம், அது மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் வடிந்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர். மைனஸ் 10 டிகிரி வாக்கில் உறைந்து பெட்டியையே பிளந்துவிடும். பக்கத்தில் நின்ற வண்டியின் பேட்டரி மார்ச் மாதம் வயிறு உப்பி விரிசலோடு வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி உறைந்ததைத் தப்பித்தவறியும் சார்ஜரில் மாட்டக்கூடாது, வெடிக்கும் ஆபத்து உண்டு.

ஆக, கேள்வி குளிரைப் பற்றியது அல்ல. யார் சத்தமில்லாமல் சார்ஜைக் குடிக்கிறார்கள் என்பதுதான். எங்கள் வண்டியில் முதல் ஆள் கேஸ் கசிவு அலாரம். கதவருகே இருக்கும் சுவிட்சை அணைத்தால் விளக்கும் பம்பும் நிற்கும், அலாரம் நிற்காது. பாதுகாப்புக்காக அதை சுவிட்சுக்கு முன்னாலேயே இணைத்திருக்கிறார்கள். 100 மில்லிஆம்பியர் என்பது அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, ஒரு மாதத்துக்கு 72. ஒரு சின்ன பேட்டரியின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். இஞ்சின் பேட்டரிக்கு அந்த சுவிட்சோடு சம்பந்தமே இல்லை; ரேடியோ, ரிமோட் பூட்டு, இஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும்.

வண்டி வீட்டு டிரைவ்வேயில் நின்ற காலத்தில் வண்டியோடு வந்த பழைய கன்வர்ட்டரில் (வீட்டு கரண்ட்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிச் சார்ஜ் செய்யும் கருவி) நிரந்தரமாக மாட்டி வைத்திருந்தோம். அது எப்போதும் ஒரே 13.6 வோல்ட்டைத்தான் தள்ளும். பேட்டரி செத்ததில்லை, ஆனால் வசந்தத்தில் திறந்தால் தண்ணீர் தகட்டு மட்டத்துக்கு இறங்கியிருக்கும். பிறகு மூன்று கட்டமாகச் சார்ஜ் செய்து கடைசியில் 13.2 வோல்ட்டில் அடங்கிவிடும் கன்வர்ட்டருக்கு மாறினோம். தண்ணீர்ப் பிரச்சினை கிட்டத்தட்டத் தீர்ந்தது. ஆனால் அது வீட்டு பேட்டரிகளை மட்டுமே கவனிக்கும். இஞ்சினுக்குத் தனியாக ஒரு சின்ன ஸ்மார்ட் சார்ஜர் தேவைப்பட்டது. அதை வாங்கும்போது வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டை மாற்றிக்கொள்ளுமா என்று பாருங்கள். குளிரில் ஈய பேட்டரிக்கு வழக்கத்தை விட அதிக வோல்ட் வேண்டும். அதை அறியாத சார்ஜர் அரைகுறையாக நிரப்பிவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டும்.

கூரை சோலார்? டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான், சூரியனும் தாழ்வாகவே போகிறது, பேனல் படுத்த வாக்கில் பனிக்கு அடியில். கோடைக்கு அருமை. குளிர்காலத்துக்கு நம்பாதீர்கள்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இஞ்சினை ஓட்டி நிறுத்துவதும் வேண்டாம். அந்தக் கொஞ்ச நேரத்தில் ஆல்டர்னேட்டரால் பேட்டரியை முழுதாக நிரப்ப முடியாது. போதாக்குறைக்கு ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் சேரும்.

கடைசியில் நிலைத்தது மிகச் சாதாரணமான வழி. உள்ளே 12 வோல்ட்டுக்காகத் தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரிகள், ஒவ்வொன்றும் 28 கிலோ வரும். இவற்றைக் கழற்றி பேஸ்மென்ட்டுக்குச் சுமக்க என் முதுகு சம்மதிக்காது. அதனால் வண்டியை விடப் போகும் முன் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, அதன் பிறகு முழுச் சார்ஜ் ஏற்றுகிறேன். இந்த வரிசை முக்கியம். கடைசியில் ஊற்றினால் தண்ணீர் கலக்காமல் மேலேயே நின்று உறையும். நிறுத்துமிடத்தில் ஸ்பானரை எடுத்து வீட்டு பேட்டரி, இஞ்சின் பேட்டரி இரண்டிலும் நெகட்டிவ் கேபிளை முழுதாகக் கழற்றி, டெர்மினலைத் தொடாதபடி துணி சுற்றி விடுகிறேன். அலாரமும் நின்றுவிடும், வண்டியில் யாரும் இல்லை, கேஸ் சிலிண்டரும் மூடியிருக்கிறது, பரவாயில்லை.

பிப்ரவரியில் ஒருமுறை மல்டிமீட்டரோடு போய்ப் பார்ப்பேன். 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே போனால் வீட்டுக்குக் கொண்டுவந்து ஏற்றுவதாகத் திட்டம். இதுவரை அந்த வேலை வரவில்லை. ஏப்ரலில் வழக்கமாக 12.6 காட்டுகிறது. (சார்ஜரைக் கழற்றிய கையோடு அளக்காதீர்கள், மீட்டர் பொய்யாகக் கூட்டிக் காட்டும். சில மணி நேரம் கழியட்டும்.)

லித்தியத்துக்கு மாறியவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் நல்ல பிஎம்எஸ் சர்க்யூட் அதைத் தடுத்துவிடும். அதை நிறைத்தும் வைக்க வேண்டியதில்லை, பாதியளவு சார்ஜோடு துண்டித்து வைத்தால் போதும். எடை குறைவு என்பதால் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவருவது இன்னும் நல்லது. நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார், திருப்தியாகவே இருக்கிறார். குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்தியே வைப்பவருக்கு அந்த விலை தேவையா என்றால், எனக்கு இன்னும் தேவைப்படவில்லை.