வேலந்தாவளம் பட்டறையில் மாட்டிய ரியர் விங், என் கருத்து

கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கொழிஞ்சாம்பாறை போகிற வழியில் உள்ள பட்டறையில் என் போர்ஷே கேமன் காருக்குப் பின்னால் கார்பன் ஃபைபர் விங் போட்டேன். பட்டறை அண்ணன் முதலில் கேட்டதே "எந்த ட்ராக்கில் ஓட்டுறீங்க?" என்றுதான், அதிலேயே ஆள் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டது. டௌன்ஃபோர்ஸ், அதாவது காற்று காரைத் தரையோடு அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். கோவை செட்டிபாளையத்து கரி ஸ்பீட்வே ட்ராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், நேர்சாலையும் குட்டை, அங்கே விங் காட்டுகிற வித்தை கொஞ்சம்தான். சென்னைப் பக்கம் 3.7 கிலோமீட்டர் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கின் வேகமான வளைவுகளில்தான் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்பது தெரிகிறது.

அன்னத்தின் கழுத்துபோல வளைந்து விங்கை மேலிருந்து பிடிக்கிற ஸ்வான் நெக் மவுண்ட்டே எடுங்கள். உறிஞ்சல் முழுக்க விங்கின் அடிப்பக்கத்தில் நடப்பதால், தாங்கிகளை மேலிருந்து பிடித்தால் அங்கே காற்று கலையாது. டிக்கி மூடித் தகட்டில் மட்டும் போல்ட் போட்டால் தகடு நெளியும், இவர்கள் உள்ளே சேசிஸ் வரை பிராக்கெட் இறக்கியிருக்கிறார்கள், வெல்டிங் சுத்தம். பின் விளிம்பில் கர்னி ஃப்ளாப் என்கிற சின்னப் பட்டி, கழற்றி மாட்டலாம், அருமை.

குறை? முன்னால் ஸ்ப்ளிட்டர் (பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு) இல்லாமல் விங் கோணத்தை ஏற்றினால் வேக வளைவில் மூக்கு திரும்ப மறுக்கிறது, ஸ்ப்ளிட்டருக்குத் தனிக் காசு. டெலிவரியும் இழுவைதான், போன் எடுக்கவே மாட்டார்கள். அப்புறம், இதோடு ரோட்டில் போனால் எம்விடிக்காரர் (மோட்டார் வாகனத் துறை) சும்மா விடமாட்டார், ட்ரெய்லர்தான் வழி.